ரெண்டாவது கோலி

ரெண்டாவது கோல்கீப்பரின் வேலை ரொம்ப எளிது: முதல் கோலிக்கு அடிபடக் கூடாது என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒரு சுளுக்காவது பிடிக்காதா என்று மனசுக்குள் ஏங்குவது. பன்னிரண்டு வருஷத்தில் ஆறு ஃபுட்பால் அணிகளுக்கு இதைத்தான் செய்தேன். எந்தத் தொழிலிலாவது ஸ்பேராக இருந்து பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

புதுசா அப்படியே

மூன்றாவது அணியில் ஒரு சீசன் முழுக்க என்னை இறக்கவில்லை. அந்த முதல் கோலி ஜுரத்தோடுகூட வந்து நிற்பான். கடைசி மேட்ச் முடிந்ததும் மேனேஜர் தோளில் கை போட்டு, அடுத்த வருஷம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். மனசு மாறிவிட்டதோ என்று ஓடினேன்.

"நைனா, கிளவுஸ் புத்சா அப்டியே கீது பார், அத்த குட்த்துட்டு போ."

பஞ்சர் கடை பாய்

இப்போது திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு நான் கோச். ப்ளஸ் டூ படிக்கும் ஷாஹினா என் ரெண்டாவது கோலி. மூன்று வருஷமாகப் பெஞ்ச்தான். முதல் கோலி திவ்யா அவ்வளவு நன்றாக ஆடினால் நான் என்ன செய்ய? ஷாஹினாவின் அப்பா காதர் பாய், கண்டெய்னர் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். ஒவ்வொரு மேட்சுக்கும் கைக் கறையோடு வந்து நிற்பார். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. தன்மையாகக் கேட்பார், அதுதான் தாங்காது.

"மாஸ்டர், இன்னிக்கி எறங்குவாளா? இல்லன்னா ஒரு லாரி நிக்கிது, முட்ச்சிட்டு வந்துர்றேன்."

எட்டு நிமிஷம்

வட்டார இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாவட்டப் போட்டி. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும் இதோடு விளையாட்டு சரி, இனி பரீட்சைதான் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தோம். எட்டு நிமிஷம் பாக்கி. திவ்யாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் அவளை வெளியே கூப்பிட்டு ஷாஹினாவை இறக்கினேன். வேண்டாம் என்று மூளை சொன்னது. பெஞ்சில் உட்கார்ந்தே பழகிய உடம்பு கேட்கவில்லை.

வந்த முதல் பந்தைப் பாய்ந்து பிடித்தாள். அடுத்த இரண்டும் உள்ளே போய்விட்டன. தோற்றோம். திவ்யா என் முகத்தைப் பார்க்காமலே போனாள், அவள் கோபம் நியாயம். தலைமையாசிரியை மட்டும் கிட்டே வந்தார்.

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போது கோலிய யாராவது மாத்துவாங்களா சார்?"

பாயின் போன்

மறுநாள் பஞ்சர் கடைக்கே போய், எல்லார் முன்னாலும் உங்கள் பெண்ணைத் தோற்க வைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஷாஹினா பாய்ந்து பந்தைப் பிடிக்கிறாள். சின்ன வீடியோ. முடிந்ததும் மறுபடி போட்டார். காத்திருந்த லாரி டிரைவரும் எட்டிப் பார்த்தார்.

"உள்ள போன ரெண்டயும் அழிச்சிட்டேன் மாஸ்டர். எங்க வூட்ல எல்லாருக்கும் இத்தான் மேட்ச்சு."

ஜெயிக்கிற நேரத்தில் கோலியை மாற்றக் கூடாது என்பது எனக்கு இப்போது நன்றாகவே தெரியும், அடுத்த வருஷமும் மாற்றித் தொலைப்பேன் என்பதும்.