கூரையில் ஓர் ஓட்டை வேண்டும்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 21, சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து நாற்பது, வெளியே பனியோடு கலந்த தூறல். அந்த நேரத்தில் கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் அம்பிட்டிய வீட்டில் ரம்பை இலை வாசம் வந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை, அம்மா இன்னும் பாயை விட்டு எழும்பவில்லை. தாளிக்கிற சட்டியில் ரம்பையும் கறிவேப்பிலையும் விழுந்ததும் எழுகிற அதே வாசம், குசினியிலிருந்து வராமல், தலைக்கு மேலே 'சீலிங்' பலகைகளின் இடுக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. இதை நான் எழுதுவது, அதே வீட்டின் கூரையை ஓர் இடுக்கும் இல்லாமல் மூடிவிடச் சொல்கிற என் மகனுக்கும், அவன் பக்கம் நிற்கிற எல்லோருக்கும் பதிலாக.

பின்னறைக் கூரையைப் பியதாச பாஸ் நவம்பர் தொடக்கத்திலேயே பிரித்துப் போட்டிருந்தார். மேசன் வேலையும் தச்சு வேலையும் தெரிந்த மனிதர். சொன்ன நாளில் வருவது மட்டும் தெரியாது. ஞாயிறு வேலை நாளாகி, நிலவின் கலைகளை வைத்து வாரந்தோறும் வருகிற போயா நாளே நாட்டின் விடுமுறையாக இருந்த ஆண்டுகள் அவை. "போயா கழிச்சி வாறேன் மாத்தயா" என்று சொல்லிவிட்டுப் போவார். எந்தப் போயா என்று அப்பா கேட்பதற்குள் சந்தியைத் தாண்டியிருப்பார். ஓடு இருந்த இடத்தில் ஒரு படங்கைக் கட்டியிருந்தார்கள். அது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அந்தப் பள்ளி விடுமுறையில் நான் தூங்கினேன்.

அப்பா அரசாங்க இலிகிதர். விடுமுறைப் பயணத்துக்கென்று அவருக்குக் கிடைத்த இலவச ரயில் 'வாரன்ட்' டிசம்பர் முப்பத்தொன்றோடு செல்லாக்காசாகிவிடும். அம்மா திருகோணமலையில் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து குடியேறிய எங்கள் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் தன் அக்காவையும் கடலையும் பார்த்து ஐந்து வருடமாகியிருந்தது. ஒரு வருடத்து வாரன்ட்டை மதில் தின்றது, ஒரு வருடத்ததைக் கிணற்றுக்கட்டு, இன்னொன்றைக் கழிவறை. "வீடு முடியட்டும்" என்பார் அப்பா. அந்த முறை அம்மா டிசம்பர் நடுவிலேயே 'சூட்கேஸை' அடுக்கிக் கதவடியில் வைத்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் தடுக்கினோம். ஒருவருக்கும் அதை நகர்த்தத் துணிவில்லை.

ரம்பை வாசம் வந்த அன்று பார்த்துப் பாஸ் வேலைக்கு வந்தார். ஏணியில் ஏறி, 'டோர்ச்' அடித்துப் பார்த்து, இறங்கி, ஏணியைச் சுவரோரமாகக் கிடத்தினார்.

"மாத்தயா, மேல உகுடுவா அம்மா. குட்டி மூணு. வேல செய்ய ஏலா."

உகுடுவா என்றால் மரநாய். அப்பாவின் அலுவலக ஆங்கிலத்தில் 'போல்கெட்'. ரம்பை வாசத்துக்கு உரியவள் அவள்தான்.

"பவ் மாத்தயா," என்றார் பாஸ்.

"பாவந்தான் பாஸ். அதான் மெதுவா சாக்குல புடிச்சி, கீழ பலா மரத்தடியில விட்டுருங்க."

"ஐயோ, அந்தப் பாவம் இல்ல மாத்தயா, பவ்! மாத்தயா புடிச்சா பவ் மாத்தயாவுக்கு. நா ஏணி மட்டும் புடிக்கிறேன்."

இரக்கத்துக்கும் தீவினைக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதில் தமிழும் சிங்களமும் ஒன்றுதான். அப்பா இரக்கத்தைச் சொன்னார். பாஸ் தீவினையைச் சொன்னார். அப்பா ஏணியைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், ஏறவில்லை.

"அப்ப எப்ப முடியும்?"

"குட்டி போனாப் பொறகு. ரெண்டு மூணு போயா."

"அப்ப பயணம் இல்ல," என்றார் அப்பா. "கூர இல்லாத வீட்ட விட்டுட்டு எவன் போவான்?"

அம்மா குசினி வாசலில் நின்றிருந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இஞ்சருங்கோ, வீடு முடியட்டும், வீடு முடியட்டும் எண்டு அஞ்சு வருசம். வீடு முடியாது, அது என்னைத்தான் முடிக்கும். மேல ஒருத்தி மூண்டு பிள்ளையளோட கூரையில்லாமல் இருக்கிறாள். நான் ஒரு பிள்ளையோட றெயில் ஏறமாட்டனோ?"

"வீட்ட யாரு பாத்துக்குவா?"

"அவளே பாக்கட்டும்."

பாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நோனா சொல்றது சரி மாத்தயா. ராவைக்கி தடதடன்னு ஓடும். கள்ளன் வந்தா, உள்ள நாலு ஆம்பள இருக்குன்னு போயிருவான். சம்பளமும் வாணாம்."

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, மறுநாள் புறப்பட்டோம். பொல்காவலையில் ரயில் மாறி அமர்ந்ததிலிருந்து அப்பா ஒவ்வொரு நிலையத்திலும் வானத்தைப் பார்த்து, "இப்ப அங்க மழ" என்றார். மழை திருகோணமலையிலும் குறைவில்லாமல் பெய்தது. கடல் சேற்று நிறத்தில் புரண்டது. ஒருவரும் கால் நனைக்கத் துணியவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஒரு குடையோடு கரையில் போய் நின்றார்கள். காற்று குடையை மேல்நோக்கி மடித்துவிட, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே நின்றார்கள்.

"விசரி, காய்ச்சல் வரப்போகுது, வா," என்றார் பெரியம்மா.

"வரட்டும். இவ்வளவு தூரம் வந்தது காய்ச்சலுக்குப் பயப்பிடவோ?"

வாரன்ட் செல்லுபடியாகிற கடைசி நாள் மாலை கண்டிக்குத் திரும்பினோம். படங்கு அவிழ்ந்து முற்றத்தில் கிடந்தது, பின்னறையில் கணுக்கால் அளவு தண்ணீர். கள்ளன் வந்த தடயம் ஏதும் இல்லை. ரம்பை வாசம் இப்போது முன்னறையில் வீசியது. அலுமாரியின் மேலே, அப்பா வேலைக்குப் போட்டுப்போகிற கறுப்புத் தொப்பி மல்லாந்து கிடக்க, அதற்குள் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தன. தாய் சுவர்க்கட்டில் நின்று, வாடகை பாக்கி வைத்தவர்களைப் பார்க்கிற வீட்டுக்காரி போல எங்களைப் பார்த்துச் சீறியது. அப்பா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். பயணம் போனதற்கெல்லாம் சேர்த்து இப்போது வெடிக்கப் போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மூணும் இருக்கு," என்றார்.

பெப்ரவரி வரை தொப்பியில்லாமலே வேலைக்குப் போனார். கூரை போடும்போது பாஸ் மூலையில் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை விட்டார்; அப்பா அதைக் காணாதவர் போல முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தார்.

இப்போது அந்தக் கூரையைத்தான் மாற்றுகிறேன். குரங்குகள் ஓடுகளைப் பெயர்த்து எறிகின்றன, முள்ளம்பன்றி மரவள்ளியைக் கிண்டுகிறது, வடிகானில் கபரகொய்யா என்கிற பெரிய உடும்பொன்று, அது தன் பெயருக்கு உறுதி எழுதிய காணி என்பதுபோலப் படுத்திருக்கிறது. வேலையை எடுத்திருப்பவர் அக்குறணை முஸ்லிம் பையன், கெட்டிக்காரன்.

"அங்கிள், முழுசா அடச்சி கம்பி வல அடிச்சித் தாறன். வல்லாஹி, ஒரு எறும்பு சரி உள்ள வராது."

"அந்த மூலையில ஒரு கை அகலம் விடுங்க தம்பி."

"ஓட்டயா? எல்லாரும் ஓட்டய அடைக்கத்தான் எனக்கு போன் எடுக்கிற. நீங்க ஓட்டய கேக்குறீங்க! என்னத்துக்கு?"

"ஆள் வரும்."

வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில், "ஒங்களுக்குப் பைத்தியமாப்பா?" என்றான். இருக்கட்டும். கீழ்க்காணியில் பலா மரங்கள் நின்ற இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. பாஸ் இல்லை, அப்பா இல்லை, அம்மா இல்லை. கூரையிலிருந்து ரம்பை வாசம் இறங்கி நாலு வருடமாகிறது. இனி ஒன்றும் வராது என்கிறார்கள். வராமல் போவது அவளுடைய விருப்பம். வழியை அடைத்தவன் நான் என்று இருக்கக்கூடாது.

வேலை பாதியில் நிற்கிறது. "கூரை முடியட்டும்" என்று போன வாரம் என் வாயிலிருந்தே வந்தது; மனைவி சூட்கேஸைக் கதவடியில் வைத்துவிட்டாள். நாளைக் காலை திருகோணமலைக்குப் போகிறோம், படங்கைக் கட்டிவிட்டு. இன்று பையனிடம் கணக்குக் கேட்டேன். ஓட்டை வழியாக மழை இறங்காமல் தகட்டை மடித்து வைக்க வேண்டுமாம், அது வேறு கூலியாம். ஆயுளில் பேரம் பேசாமல் நான் கொடுத்த ஒரே காசு அது: ஓட்டைக்கு மட்டும் இருபத்து நாலாயிரத்து அறுநூறு ரூபா.