பொறுத்துக்கொண்ட உடம்பு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், அக்காவின் கை சோற்றிலேயே நின்றுவிடும். சத்தம் வீட்டைக் கடந்து போன பிறகுதான் அடுத்த வாய் எடுப்பாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளர், ஒரு பிள்ளைக்குத் தாய்.

அப்பா இறந்தபோது அக்காவுக்கு எட்டு வயது, நான் கைக்குழந்தை. கொக்குவிலில் தையல் வேலையை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்க அம்மாவால் முடியவில்லை. உடுவிலில் இருந்த தன் தமையன் வீட்டில் அக்காவைப் படிக்க விட்டார். மாமா ஊரில் மதிப்பான மனிதர், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பவர். வீட்டுக்குள் அவருடைய இடுப்புப் பட்டிக்குக் காரணமே தேவைப்படவில்லை. பரீட்சையில் புள்ளி குறைந்தால் அடியும் விழும், இரவுச் சாப்பாடும் கிடையாது. அவருடைய மோட்டார் சைக்கிள் வாசல் படலையடிக்கு வரும்போதே சாப்பாட்டை அப்படியே விட்டு எழும்பிவிடுவேன் என்று அக்கா பின்னாளில் சொன்னாள்.

முப்பது வயதிலேயே அவளுக்கு இரத்த அழுத்தம் வந்தது. பிறகு ஒற்றைத் தலையிடி, வயிற்றுப் புண். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். ஆறும், திரும்ப வரும். “இவளுக்கு எப்பவும் ஒரு நோய், ஒரு வருத்தம்” என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

கடைசியாக நாங்கள் போன பெண் வைத்தியர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, “சின்ன வயசிலை எப்பிடி இருந்தனீங்கள்?” என்று கேட்டார். மாமா வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய அக்கா பாதியில் அழுதுவிட்டாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“எல்லாத்துக்கும் அதுதான் காரணம் எண்டு நான் சொல்லேல்லை,” என்றார் வைத்தியர். “ஆனா வருசக்கணக்காப் பயந்து வளர்ந்த உடம்பு, பயப்பிட ஒண்டும் இல்லாத காலத்திலையும் பயந்துகொண்டுதான் இருக்கும். உங்களுக்கு மருந்தும் வேணும், மனம்விட்டுக் கதைக்க ஒரு ஆளும் வேணும்.”

“எனக்கென்ன விசரோ, பைத்தியமோ?” என்று அக்கா வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆனாலும் உளவளத் துணையாளரிடம் போனாள். ஆரம்பத்தில் வேண்டாவெறுப்பாக, பிறகு தானாகவே.

ஒரு பின்னேரம் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் இருந்து உடுவில் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னாள்.

“ஏன் பிள்ளை, அப்பவே எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனான் அம்மா. பொறுத்துக்கொள் எண்டனீங்கள்.”

அம்மா எழும்பி உள்ளே போனார். கீரை அப்படியே சுளகில் வாடிக் கிடந்தது.

அடுத்த வருடம் மாமா காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வீட்டில் பெரியவர் ஒருவர் அக்காவிடம் வந்து, “தகப்பனைப் போல உன்னை வளர்த்த மனுசன். நீதான் பிள்ளை அவரைப் பற்றி நாலு வார்த்தை கதைக்க வேணும்” என்றார். அக்காவின் கை வயிற்றுக்குப் போனது. பெண்களுக்கு நடுவில் இருந்த அம்மா எழும்பினார்.

“அவள் கதைக்க மாட்டாள். என்ரை தமையன் என்ரை பிள்ளைக்கு அடிச்ச அடி இப்பதான் எனக்கு விளங்குது. நான் அவளை இங்கை விட்டிருக்கக் கூடாது.”

குரல் உயரவில்லை. ஆனால் பந்தல் முழுவதும் கேட்டது. அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் நில்லாமல் வெளியே வந்தார்.

இரத்த அழுத்த மாத்திரையை அக்கா இன்றைக்கும் குடிக்கிறாள், கிளினிக்குக்கும் தவறாமல் போகிறாள். வயிற்றுப் புண் வெகுகாலமாகத் திரும்பி வரவில்லை. தலையிடியும் எப்போதாவதுதான். மருந்து எவ்வளவு செய்தது, அம்மாவின் சொல் எவ்வளவு செய்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

போன கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பையைக் கதிரையில் போட்டாள். “கணக்கிலை முப்பது புள்ளிதான் அம்மா” என்றவள், அதே மூச்சில், “சாப்பிட என்ன இருக்கு?” என்று கேட்டாள். அக்கா குசினிக்குள் போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில் இருந்து தானும் சாப்பிடத் தொடங்கினாள்.