புத்தர் கோயிலின் கீழே மூன்று சுற்று

எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி கிடையாது. வீடு மூன்றாவது மாடியில். வாங்கிய காலத்தில் எங்களுக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போதெல்லாம் சந்தைக்குப் போய் வரும்போது என் மனைவி இரண்டாவது மாடியில் நின்று, யாரோ வரப்போகிறார்கள் என்பது போல வெளியே பார்ப்பாள். வலி தணியட்டும் என்றுதான் நிற்கிறாள். நானும் பையைக் கீழே வைத்துவிட்டு அதே பக்கம் பார்ப்பேன். கீழே நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா ஒருநாள் அவள் நடையைக் கவனித்துவிட்டு, வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது என்றார். அதுமுதல் எங்கள் வீட்டில் முட்டி வலி பற்றிய பேச்செல்லாம் எண்ணெய் மாற்றுகிற பேச்சுதான். இப்படிப்பட்ட சொற்களைச் சேர்த்து வைக்கிற ஆள் நான். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. பிறர் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கித்தான் நான் பேசவே கற்றேன்.

மருத்துவர் முட்டியை மாற்றச் சொல்லிவிட்டார். அவள் மாட்டேன் என்றாள். லாபிஸில் இருந்த அவளுடைய அக்கா ஆப்பரேஷன் செய்துகொண்ட பிறகு வாசலைத் தாண்டவே இல்லை. அக்கா படுத்துக் கிடந்த அந்தக் கட்டில் இவள் கண்ணை விட்டுப் போகவில்லை. எங்கள் மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஓய்வு நாளில் எல்லைப் பாலம் கடந்து ஜொகூரில் எங்களிடம் வருவாள், வந்ததும் இதே சண்டை. கடைசியில் சண்டை அலுத்து, எங்கள் இருவருக்கும் ஒரு கப்பல் பயணம் பதிவு செய்தாள். சிங்கப்பூரில் ஏறி ஜாவா வரை போய்த் திரும்பும் கப்பல். செமாராங்கில் ஒரு பகல் நிற்கும். அங்கிருந்து பேருந்தில் போரோபுதூர் போய் வரலாம். கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். கல்லை மலைபோல் அடுக்கி, உச்சியில் மணி மணியாகக் கவிழ்த்து வைத்த பழங்காலத்துப் புத்தர் கோயில். என் மனைவி படத்தை விரலால் பெரிதாக்கி, படிகளை மட்டும் பார்த்தாள்.

"இதுல நான் உச்சி வரைக்கும் ஏறி எறங்கிட்டா ஆப்பரேஷன் பேச்ச விட்டுடுவியா?"

"விட்டுடறேன். ஏறலன்னா?"

"ஏறலன்னா நீ சொல்ற எடத்துல வந்து படுக்கறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சாட்சி. எனக்கு எங்கே போகவும் ஆசை இல்லை. சிங்கப்பூர் வேலைக்காக விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்துக்குப் போய் வரிசை பிடித்தே உழைக்கிற வயதைத் தீர்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் ஒன்றுதான் நினைத்தேன்: இனி எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது. கப்பல் என்பது மிதக்கிற வரிசை என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டுக்கு வரிசை, கரையிறங்க வரிசை, இறங்கியதும் நெஞ்சில் எண் ஒட்டிக்கொள்ள ஒரு வரிசை.

அன்று காலை அவள் தலைக்குக் குளித்து, புடவை கட்டி, குங்குமம் வைத்துக்கொண்டாள். கோயிலுக்குப் போகிறோம் என்று பசியாற ரொட்டியும் பழமும் மட்டும் எடுத்தாள். அவ்வளவு வகை இருந்தும் எனக்கும் அதேதான்.

பேருந்து வரிசைக்கு முன்னால் போலீஸ் வண்டி ஒன்று ஊதிக்கொண்டே போனது. கப்பல் கிளம்புவதற்குள் எங்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமே. லாரியும் காரும் சடக்கை விட்டு ஒதுங்கி வழிவிட்டன. பாலத்தில் நின்ற அத்தனை காலைகளிலும் எனக்கு ஒருவன்கூட இப்படி வழிவிட்டதில்லை. எங்களுக்குப் பின்னிருக்கையில் மெர்சிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் தனியாக வந்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "என் மய்யத்தக்கூட இவ்ளோ மரியாதயா கொண்டு போக மாட்டாங்க லா," என்றார். என் மனைவி சிரித்தாள். அதிலிருந்து அவள் அவருக்குத் தங்கச்சி. முட்டிக் கதையையும் மகளோடு போட்ட பந்தயத்தையும் வழியிலேயே அவரிடம் சொல்லி முடித்தாள்.

வாசலில் ஆளுக்கு ஒரு ஜோடி புல்செருப்பு கொடுத்தார்கள். பழைய கல் தேயாமல் இருக்க, மேலே ஏறுகிறவர்கள் அதைத்தான் போட வேண்டுமாம். எங்கள் வழிகாட்டி ஜாவாக்காரர், அவளை இபு, இபு என்று, அம்மா என்பதுபோல, அழைத்து மலாய் மாதிரியே பேசினார். எங்கள் குழு ஏறி இறங்க ஒரு மணி நேரம்தான், அடுத்த குழு காத்திருக்கிறது என்றார்.

"என் முட்டி நோவுது, அத யாரும் கேக்கல. கல்லுக்கு நோவுதாம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் புல்செருப்பைப் பையில் போட்டாள். காலில் இருந்ததையும் கழற்றிப் பையில் வைத்தாள். ஏறும்போது போட்டுக்கொள்கிறேன், முதலில் சுற்றி வருகிறேன் என்றாள். கோயிலுக்கு வந்து சுற்றாமல் எப்படி ஏறுவது? வழிகாட்டி மறுக்கவில்லை. அந்தக் காலத்து யாத்ரிகர்களும் கோயில் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் சுற்றினார்கள் என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாய் படியேறிப் போனார். நான் அவளோடு போனேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளையாரைப் பேசிக்கொண்டே மூன்று முறை சுற்றிவிடலாம். இங்கே ஒரு பக்கமே ஒரு பந்துத் திடல் நீளம். வெயிலில் தரை கொதித்தது. நிழல் விழுந்த இடமெல்லாம் அவள் விரல்களை மடக்கி ஒரு கணம் நின்றாள். ஒரு சுற்று முடிந்ததும் போதும் என்றேன். அவள் கும்பிட்டபடியே, நான் சொன்னது காதில் விழாதவள் போல, அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டாள். அங்கேதான் சிக்கிக்கொண்டோம். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் ஒற்றைப்படை. இரண்டோடு யாராவது நிறுத்துவார்களா?

மூன்றாவது சுற்றில் அவள் என் தோளைப் பிடித்திருந்த கை வர வரக் கனத்தது.

பிறகு புல்செருப்பைப் போட்டுக்கொண்டு படிக்கு முன்னால் நின்றாள். அந்தப் படிகள் நம் வீட்டுப் படி போல இல்லை, ஒவ்வொன்றும் முழங்காலளவுக்கு எழும்பி நின்றன. வழிகாட்டி கைகொடுத்தார். ஒரு படி ஏறினாள். இரண்டாவதில் காலை வைத்தாள், முட்டி மடங்கவில்லை. இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போய் பாத்துட்டு வாங்க," என்றாள்.

நான் போகவில்லை. அவளுக்குத் துணையாக இருந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். எனக்கும் முடியவில்லை, அதுதான் உண்மை. படியோரமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது.

பாய் வியர்த்து வழிய இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "மேல ஒண்ணுமில்ல தங்கச்சி. காத்துதான் அடிக்குது," என்றார். பிறகு அவளைச் செதுக்குக் கல் சுவர் ஓரமாக நிற்க வைத்து, என் கைப்பேசியில் படம் எடுத்தார். பின்னால் கல் மட்டும்தான் தெரிந்தது. அது எந்த அடுக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. "மககிட்ட இத காட்டுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்," என்றார். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பேருந்து கிளம்பியதும், அனுப்புங்க என்றாள். அனுப்பினேன்.

சிங்கப்பூரில் இறங்கியதும் மகள் காத்திருந்தாள். பாலத்தில் வழக்கம்போல வரிசை. வீடு வந்ததும் அவள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியேறினாள். இரண்டாவது மாடியில் என் மனைவி நின்றாள். வெளியே பார்த்தாள். நான் பையை வைத்தேன். மகள் திரும்பி வந்து ஒரு படி கீழே, அம்மா சரிந்தால் பிடிக்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

"படம் பாத்தேன். ஏறிட்டீங்கம்மா. சொன்ன மாதிரி இனிமே நான் வாயத் தெறக்க மாட்டேன்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஓய்ந்துபோன குரல். அது என் குரல் மாதிரி இருந்தது.

என் மனைவி கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது கீழ எடுத்தது," என்றாள். "ரெண்டு படிகூட ஏறல."

மகள் என்னைப் பார்த்தாள். சாட்சி தலையை ஆட்டினான்.

"டாக்டர்கிட்ட நாள் கேளு. தேய்பிறைல வேணாம். செவ்வாக்கெழமையும் வேணாம்."

சரிம்மா என்றாள் மகள். பெட்டியை எடுக்கவில்லை. மூவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். இன்னும் ஒரு மாடி இருந்தது.