பக்கத்துக் காம்பராவின் இருமல்

என் மனைவிக்கு மூட்டுவாத ஊசியை இரண்டு தடவை, காசநோய்ச் சோதனை எதுவும் செய்யாமலே போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டு, தாளில் கோடு போட்டதோடு சரி. அது தவறு.

இன்று மூன்றாவது ஊசிக்காக மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

புதிதாக வந்திருக்கும் யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "வீட்டில ஆருக்கும் கனநாள் இருமல் இருக்கோ அம்மா?"

"இல்லைங்க" என்றாள் மனைவி.

நான் விடவில்லை. "எங்க லயத்துல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா காம்பராதான். பக்கத்துக் காம்பரா தம்பி ரெண்டு மாசமா இருமுறான் டாக்டர். நடுச்சுவரு கூரை வரைக்கும் இல்ல. அவன் இருமுனா எங்க சோத்துல விழுது."

"ஏங்க, அது அடுத்த வீடு. அவங்க நோய எதுக்கு இங்க பேசுறீங்க?" மனைவி என் கையைக் கிள்ளினாள். இந்த ஊசி தொடங்குவதற்கு முன் அந்த விரல்களால் கோப்பையைக்கூடப் பிடிக்க முடிந்ததில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இந்த ஊசி உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். காசநோய்க் கிருமி உள்ளுக்கு இருந்தா எழும்பிடும். சோதிக்காம இனிப் போடேலாது."

பஸ்ஸில் மனைவி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பரவாயில்லை, மூச்சு விட்டால் போதும்.

நாளை அவள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பக்கத்துக் காம்பரா தம்பி சளிச் சோதனைக்கு வர வேண்டும். வரும்வரை அவன் வாசலில் உட்காருவேன். ஊசி போடுகிறவர்கள் வீட்டை மட்டுமல்ல, லயத்தையும் விசாரிக்க வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரை நடுச்சுவரைக் கூரைவரை எழுப்ப வேண்டும். திங்கட்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். லயத்துக்காரர்களில் கூட வர முடியாதவர்கள் காரணத்தை இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், அதையும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.