பிளேட் தாங்கியது, வெல்டு பிளந்தது

கவசத்தைச் சுட்டுப் பாக்குற சுடுதளத்துல இருந்து போன். எங்க பட்டறை முதலாளி ஸ்பீக்கர்ல போட்டார். "பிளேட் ஓகே. வெல்டு பிளந்துருச்சு." அம்புட்டுதான் சொன்னாங்க. டாங்க் கவசத்துக்காக நாங்க செஞ்சு அனுப்பின முதல் சாம்பிள் அது.

"ஸ்டெல்லாம்மா, பாண்டியை நாளைல இருந்து வர வேணாம்னு சொல்லிருங்க. அவன் கை சரியில்ல" என்றார்.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. நான் அங்க குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பாண்டி பேரையூர்க்காரன், பட்டறையிலயே நல்ல வெல்டர். இந்தக் கெட்ட பேரோட வெளிய போனா மதுரையில எவனும் வேலை தர மாட்டான். "உடைஞ்ச துண்டு வரட்டும், அதுவரைக்கும் அவன் மேல கை வைக்காதீங்க"ன்னு சண்டை போட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. பிளேட் கடினமா இருந்தா குண்டோட முனை நொறுங்கும். ரொம்பக் கடினமாப் போனா பிளேட்டே கண்ணாடியா உடையும். அதையே சாய்ச்சு வச்சா, குண்டு உள்ள போகவேண்டிய தூரம் கூடும். அதான் டாங்க் முகப்பு சரிவா இருக்கு. கவசம் தடிச்சா, எதிரிங்க குண்டை ஊசி மாதிரி நீளமா, கனமாச் செய்வாங்க. விடாத போட்டி! ஆனா குண்டு துளைக்காட்டியும், அந்த அடியில இணைப்பு பிளந்தா உள்ள இருக்கறவன் கதி அதோகதிதான்.

துண்டு வந்துச்சு. பிளந்த இடத்துல, சுடுறதுக்கு முன்னாடியே விழுந்த மயிரிழை விரிசல். வெல்டிங் ராடுல ஈரம் ஏறுனா இப்படித்தான், ஆறின பிறகு உள்ளுக்குள்ள விரிசல் விடும்.

"ஓவன்ல சூடா இருந்த ராடுதான்க்கா எடுத்தேன், சத்தியமா" என்றான் பாண்டி.

ஓவன் கிட்டப் போனேன். சுவிட்சுல சந்தனமும் குங்குமமும் காஞ்சு கிடந்துச்சு.

"முதலாளி, ஆயுத பூஜைக்கு இதையும் நிறுத்துனீங்களா?"

"ஆமா. எல்லா மெஷினுக்கும் அன்னைக்கு ரெஸ்ட்டும்மா. மறுநாள் நானே போட்டுட்டேனே."

"அட கடவுளே! அது மெஷின் இல்ல, ராடு காயுற அடுப்பு. அன்னைக்குப் பெஞ்ச மழை ஈரம் பூரா ராடுலதான். பாண்டி சாம்பிளை ஒட்டினது மறுநாள்தான். லேசாச் சூடானா அந்த ஈரம் போயிருமா?"

மனுசன் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டார்.

ராடுகளை முறையாச் சுட்டு, பாண்டியே புதுச் சாம்பிளை ஒட்டினான். ரெண்டாவது டெஸ்டுக்கு மூணு பேருமே போனோம். குண்டு நசுங்கிக் கீழ கிடந்துச்சு. பிளேட் முதுகுல சின்ன வீக்கம், வெல்டு அசையல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

"போன தடவை ஏன் போச்சு?"ன்னு சுடுதள அதிகாரி கேட்டார்.

முதலாளி பாண்டியைத் தோளைப் பிடிச்சு முன்னால நிறுத்தினார். "அது என் தப்பு சார். இந்த வெல்டு இவனோடது."