நடுக்கடலிலிருந்து வந்த தெளிவான குரல்

இன்பமணி டீச்சரை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. நாசரேத்துக்காரி, தூத்துக்குடியில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். பையன் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால் போதும், "பொய் சொல்லப் போறியாலே?" என்று பிரம்பை எடுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளே 1979-இல் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு முழி பிதுங்கி நின்றாள்.

புருசன் ஜெபசிங் எண்ணெய்க் கப்பலில் ரேடியோ ஆபீசர். ரேடியோவில் அவன் பேசினால் ஒரே இரைச்சல். தொண்டை கிழியக் கத்தி, முடிவில் "ஓவர்" சொல்லிக் காத்திருக்க வேண்டும். கப்பலில் சாட்டிலைட் போன் வைத்தும் பிரயோசனமில்லை. அந்த சாட்டிலைட் ஒரு கம்பெனியுடையது. அமெரிக்கக் கடற்படை அதை வாடகைக்குப் பிடித்து, அதன் மின்சக்தியில் பெரும்பங்கைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது அவனிடமிருந்து கடுதாசி வந்தது: "அமெரிக்கக் கவர்மென்டே சொந்தமா சாட்டிலைட் விட்டிருக்கு. பட்டாளத்துப் பேச்செல்லாம் அதுக்கு மாறுது. இனி எங்களுக்கு லைன் கிடைக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஹார்பர் ஏஜென்ட் ஆபீசுக்கு வா. ஓவர் சொல்ல வேண்டாம்."

வானத்தில் என்ன வாடகை, யார் காலிசெய்தது, ஒரு இழவும் புரியவில்லை. ஆனாலும் போனாள்.

மணி அடித்தது. "ஏளா, நல்லா இருக்கியா?"

பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு! மெட்ராஸிலிருந்து தம்பி பேசினால்கூட இப்படிக் கேட்டதில்லை. அவளுக்குப் பக்கென்றது.

"எங்க இருக்கிய?"

சத்தமே இல்லை. பிறகுதான், "நடுக்கடல்லதான்."

"எப்ப வாறிய?"

மறுபடியும் மௌனம். "ஜனவரில."

ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் ஒரு தயக்கம். எத்தனை களவாணிப் பயல்களைப் பார்த்திருக்கிறாள்! இந்த மனுசன் கரையில்தான் எங்கேயோ இருக்கிறான். பம்பாயாக இருக்கும். கூட ஒருத்தியும் இருப்பாள். பக்கத்தில் இருந்த ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் ஜேசுதாசன் காதில் விழுமே என்றுகூடப் பார்க்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. யாருகூட இருக்கிய?"

மௌனம். "என்னளா உளறுத?"

"நம்ம பிள்ளை பேரு என்ன?"

அதே தாமதம். "பிளாரன்ஸ். உனக்கு என்ன ஆச்சு?"

பெற்ற மகள் பேரைச் சொல்ல எந்தத் தகப்பனாவது யோசிப்பானா? அப்படியானால் தயங்குவது அவனில்லை. பேச்சுதான் வானத்துக்கு ஏறி இறங்கி வர நேரமெடுக்கிறது. அட கர்த்தரே, என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. ஆனால் அது ஒரு நிமிசம்கூட நிலைக்கவில்லை.

"அம்புட்டுத் தூரத்துலயா இருக்கிய?" என்று கேட்டாள்.

அதற்கும் பதில் வரத் தாமதமானது. அதற்குள் அவள் அழுதுவிட்டாள்.