கழுத்தைக் கொடுக்க ஓர் ஆள்

என் கணவர் ஒரு வாடிக்கையாளரின் காதைக் கீறிவிட்ட செய்தி எனக்குத் துண்டின் மூலம்தான் தெரிந்தது. சலூன் துண்டுகளை வீட்டில் துவைப்பவள் நான். அன்றைக்கு வந்த பதினான்கு துண்டுகளில் ஒன்றை மட்டும் சின்னதாக மடித்து மூட்டையின் அடியில் வைத்திருந்தார். மறைக்க நினைப்பவர்கள் அடியில்தான் வைப்பார்கள். நான் மூட்டையைக் கவிழ்த்துப் போட்டுத்தான் எண்ணுவேன் என்பது, கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் அவருக்குத் தெரியாது.

"யாரு ரத்தம்?" என்று கேட்டேன்.

"தலைமையாசிரியர்."

"எங்க?"

"காது."

"பெருசாவா?"

"காது இருக்கு," என்றார்.

கடை என் அண்ணனுடையது. மூன்று நாற்காலிகள், சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. என் கணவர் அங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். அவர் கைக்கென்றே வருபவர்கள் இருந்தார்கள். பிறகு குடி வந்தது. காலையில் கை நடுங்கும். ஒரு வாய் குடித்தால் நின்றுவிடும். அதனால் அவர் தொழிலுக்காகத்தான் குடிக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் கொஞ்ச காலம் ஒத்துக்கொண்டிருந்தோம்.

தலைமையாசிரியர் வந்த அன்று அந்த ஒரு வாயை அவர் குடிக்கவில்லை. இனிமேல் தொடுவதில்லை என்று முடிவு செய்த முதல் நாள் அது. அண்ணன் இதை நம்பவில்லை. நான் நம்பினேன். துண்டில் ரத்தம்தான் இருந்தது, வாடை இல்லை.

அந்தப் பகுதியில் பாதிப் பேர் அந்தத் தலைமையாசிரியரிடம் படித்தவர்கள். அவர் காதில் பிளாஸ்திரி ஒன்பது நாள் இருந்தது. கடைத்தெருவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அது தினம் போய் வந்தது. பத்தாம் நாள் அண்ணன் சவரக்கத்திகளை எல்லாம் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"மாப்ள, நான் ஒண்ணும் உன்னை வேலையை விட்டு அனுப்பல," என்றார். "கூட்டு, துடை, தண்ணி வை. யாராவது ஒரு ஆள் தானா வந்து, 'இவர் கையால வழிச்சு விடுங்க'ன்னு கழுத்தைக் கொடுக்கட்டும். அன்னைக்கு சாவி தர்றேன்."

"சரி மச்சான்," என்றார் என் கணவர். அப்படி ஒரு ஆள் வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். அண்ணன் எப்போதும் கொடுக்க வேண்டியிராத வாக்கைத்தான் கொடுப்பார்.

மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடும் ஒரு குழுவுக்கும் போகச் சொன்னார்கள். பின்கட்டில், உடைந்த கட்டில்கள் போட்டு வைத்த அறைக்குப் பக்கத்து அறை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வரவேண்டுமாம். சுவரோரம் நானும் இரண்டு மனைவிகளும் ஒரு அம்மாவும் இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க நான்கு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

வட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். என் கணவர் முறை வந்தபோது, "வணக்கம். அடுத்தவர் பேசட்டும்," என்றார். ஆறு வாரமும் அதையே சொன்னார். ஒரே ஒருநாள் கூடுதலாக ஒரு வார்த்தை பேசினார். குழுவை நடத்தியவர், "நமக்கு மேல ஒரு சக்தி இருக்குன்னு முதல்ல ஒத்துக்கணும்," என்றபோது, இவர், "இருக்கு," என்றார். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"சொல்லுங்க, சொல்லுங்க."

"என் மச்சான்."

வீட்டுக்கு வரும் வழியில், "கடையில நாளெல்லாம் பேசறீங்களே, இங்க என்ன?" என்று கேட்டேன்.

"அங்க நான் பின்னாடி நிக்கறேன். இங்க ஆளாளுக்கு மூஞ்சியைப் பார்க்கறாங்க. மூஞ்சியை விட்டா கையைப் பார்க்கறாங்க." கொஞ்ச தூரம் போனதும், "அந்தக் கடைசி நாற்காலிக்காரருக்கு வலது கிருதா அரை விரல் இறங்கியிருக்கு. ஆறு வாரமா மனசை அரிக்குது," என்றார். ஆறு வாரத்தில் அவர் அங்கே கவனித்தது அவ்வளவுதான்.

அடுத்தது நூலகத்து மாடியில் ஒரு குழு. அங்கே சக்தியெல்லாம் கிடையாது, தாள்கள்தான். எத்தனை மணிக்கு என்ன எண்ணம் வந்தது, அதற்குப் பதிலாக என்ன செய்தீர்கள் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். அவர் நான்காவது வரை படித்தவர், நான் ஏழாவது. அதனால் எழுதும் வேலை எனக்கு வந்தது.

"காலைல ஆறு மணி. குடிக்கணும்," என்று சொன்னார். எழுதினேன்.

"ஆறேகால். அதேதான்."

"என்ன செஞ்சீங்க?"

"உன்கிட்ட இதைச் சொல்லிட்டு இருக்கேன்."

மூன்றாவது வாரம் அவருக்கு அலுத்துவிட்டது. "நீயே போட்டுடு, உனக்குத் தெரியாததா," என்றார். நான் அவர் எண்ணத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். குழுவை நடத்திய பெண் அதை வாங்கி எல்லோருக்கும் வாசித்தாள். "சாயங்காலம் ஏழு மணி. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நடை நேராக இருக்கிறதா என்று எண்ணினேன். பதிலாகச் செய்தது: அடுப்பைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த அடுப்பு."

"ரொம்ப உண்மையா இருக்கு," என்றாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா இது யாரோட எண்ணம்?" என்று கேட்டாள்.

என் கணவர் கையை நீட்டி என்னைக் காட்டினார். குடும்பத்தாருக்கென்று தனியாக ஒரு குழு இருக்கிறது, நான் அவசியம் வரவேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். விசாரித்தேன். அங்கேயும் வட்டமாகத்தான் உட்கார்வார்களாம். நான் போகவில்லை. அவரும் நின்றுவிட்டார்.

மூன்றாவது குழு எங்களுக்காகவே ஏற்பட்டது போல இருந்தது. பேச்சே கிடையாது. ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி அரை மணி நேரம் மூச்சைக் கவனிக்க வேண்டும். நான் வெளியே படிக்கட்டில் செருப்புகளோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் பாதியில் உள்ளேயிருந்து ஒரு ஆள் அலறும் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். அவருக்கு முன் வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். பல வருடம் அண்ணாந்து வேலை பார்த்ததில் அவர் கழுத்து இடது பக்கம் சாய்ந்துவிட்டது. இவர் கண்ணைத் திறந்து அந்தத் தலையைப் பார்த்திருக்கிறார். பிறகு இரண்டு கையும் தானாக எழுந்து, காதுக்கு மேலே இரண்டிரண்டு விரல் வைத்து, தலையை நேராக நிமிர்த்திவிட்டன.

"பழக்கம்," என்றார் என் கணவர். "சாஞ்சிருந்துச்சு."

நடத்துபவர் கோபப்படவில்லை. "உங்க பாதை வேற போலிருக்குங்க," என்று மிகவும் மென்மையாகச் சொன்னார்.

"பாதை வேறயாம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டே இவர் என்னிடம் சொன்னார். "படிக்கட்டைக் காட்டினாங்க."

அதோடு எங்களுக்குத் தெரிந்த குழுக்கள் தீர்ந்துவிட்டன. சாராயக் கடைகள் தீரவில்லை. வீட்டிலிருந்து சலூனுக்குப் போகும் வழியில் மட்டும் மூன்று. அவர் குடியை விட்டு தொண்ணூற்றிரண்டு நாள் ஆகியிருந்தது.

கடைக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அந்த நாட்களில் காலையில் கண்ணாடி துடைக்கப் போகிறேன் என்று கிளம்பத் தொடங்கினார். கடைச் சாவி அவரிடமும் ஒன்று உண்டு. கத்திச் சாவிதான் கிடையாது. முதல் வாரம் மூட்டையில் ஒரு கழுத்துத் துணி வந்தது, முடிவெட்டும்போது வாடிக்கையாளருக்குக் கழுத்தில் முடிந்து மடிவரை போர்த்துவோமே, அது. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்து மூன்று. கசங்கி, உள்பக்கம் வியர்வை படிந்திருந்தன. ஒன்றில்கூட ஒரு முடி இல்லை. கேட்டால் பதில் வரும் என்பதால் நான் கேட்கவில்லை. துவைத்துக் கொடியில் போட்டேன்.

அண்ணன் நாற்காலிகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"பூட்டும்போது மூணு நாற்காலியும் ஒரே மட்டமா வச்சுட்டுப் போறேன். லீவு முடிஞ்சு வந்து பார்த்தா ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. உன் புருஷன் என் கடையில ஆள் சேர்த்துக் குடிக்கிறாரு."

"பார்த்தீங்களாண்ணே?"

"பார்க்கத்தான் போறேன். நீயும் வா. அப்புறம் அண்ணன் இட்டுக்கட்டிச் சொன்னார்னு இருக்கக் கூடாது."

அடுத்த விடுமுறை நாள் காலை போனோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அண்ணன் அதைச் சத்தம் வராமல் தூக்கப் பார்த்தார். பத்து வருடமாக எண்ணெய் போடாத ஷட்டர் அது. தெருவே திரும்பிப் பார்த்தது.

உள்ளே மூன்று நாற்காலியிலும் ஆட்கள். மூன்று பேருக்கும் கழுத்துவரை துணி போர்த்தியிருந்தது. மூவரும் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் பின்னால் கையில் சீப்போடு நின்றார். ஒருவர் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். டைல்ஸ் ஒட்டுபவர் என்று பிறகு தெரிந்தது. "மாமனார் கால்ல விழுந்தேங்க. எழுந்திருக்கும்போது அவர் பர்ஸ் என் கையில இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினார்.

"எங்க மாப்ள பாட்டில்?" என்றார் அண்ணன்.

பதிலுக்குக் காத்திராமல் தேடத் தொடங்கினார். வாஷ்பேசினுக்கு அடியில் பார்த்தார். துண்டுப் பெட்டியைக் கிளறினார். லோஷன் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தும்மினார். துணிக்குள் இருந்தவர்கள் நகரவில்லை. கண்கள் மட்டும் கண்ணாடியில் அவர் பின்னாலேயே போய் வந்தன.

"முடிவெட்ட வந்தீங்களா? இன்னைக்குக் கடை லீவு."

"வெட்ட வரலீங்க," என்றார் நடுவில் இருந்தவர். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக். "அன்னைக்கு இவர் என் தலையைப் பிடிச்சாருல்ல, அன்னைக்குத்தான் நான் ஒழுங்கா தூங்கினேன். தேடிக் கண்டுபிடிச்சு வந்தேன். பேச வர்றோம்."

"பேசறதுக்கு எதுக்குய்யா துணி?"

மெக்கானிக் துணியின் ஓரத்தை விலக்கி வலது கையை வெளியே நீட்டினார். அது ஓடும் பேருந்தின் ஜன்னல் கண்ணாடி போல அதிர்ந்துகொண்டிருந்தது. "விட்டு ரெண்டு மாசம். இன்னும் நிக்கல. வட்டமா உட்கார்ந்தா எல்லாரும் இதைத்தான் பார்ப்பாங்க. இங்க இது உள்ள இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

ஓரத்து நாற்காலியில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. மருத்துவமனைக் குழுவில் இருந்தவர்தான். கிருதா இப்போது சரியாக இருந்தது.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டில் கிடைக்காதது அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். பிறகு மெக்கானிக் கண்ணாடியைப் பார்த்து, "எனக்கு வழிச்சு விடச் சொல்லுங்க. இவர் கையால. கழுத்தும் சேர்த்து," என்றார்.

அண்ணன் காது கேட்காதவர் போலக் கூரையைப் பார்த்தார். வெளியாட்கள் இருக்கும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"சாவி, அண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

என் கணவர் புது பிளேடு மாட்டினார். மெக்கானிக்கின் முகத்தில் நுரை போட்டார், நிதானமாக, காதிலிருந்து தொண்டைவரை. இரண்டு விரலால் தலையை நிமிர்த்தினார். கத்தியைத் தூக்கினார். தூக்கியபடியே கண்ணாடியில் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நடுங்குது," என்றார்.

மூன்று குழுக்களில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லாத வாக்கியம் அது.

"எவ்வளவு?" என்று கேட்டார் மெக்கானிக், உதட்டை அசைக்காமல்.

"கன்னத்துக்குப் பரவால்ல. கழுத்துக்குப் பத்தாது."

"அப்ப கன்னம்."

கன்னத்தை வழித்தார். கழுத்து நுரையைத் துண்டால் துடைத்து விட்டார். கத்தியை அண்ணனிடம் நீட்டி, "பூட்டிடுங்க மச்சான். கழுத்து அப்புறம் பார்ப்போம்," என்றார்.

"கழுத்துன்னுதானே பேச்சு," என்றார் அண்ணன்.

"அதனாலதான் தர்றேன்."

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறை நாளும் அண்ணன் சாவியோடு கடைக்குப் போனார். சாவியைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். நாற்காலி இல்லாததால் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். என் கணவர் அங்கே பேசியதை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் சொன்னதுதான். ஒரு வாரம் கிருதாக்காரர் வரவில்லையாம். அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லையாம். அடுத்த வாரம் வந்தவர் துணியை மோவாய்வரை ஏற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறார். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. கால்மணி நேரம் கழித்து அவரே கண்ணாடியிடம் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் ஐந்து வாரம் மழமழப்பான கன்னத்தோடும் கழுத்து நிறையத் தாடியோடும் வேலைக்குப் போனார். "என்னய்யா, பார்பர் பாதியில ஓடிட்டானா?" என்று கேட்டார்களாம். "தவணையில வழிக்கிறேன்," என்றாராம்.

ஆறாவது வாரம் மூட்டை வந்தது. கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு துண்டு எல்லாவற்றுக்கும் மேலே விரித்து வைத்திருந்தது. ஈரமாக இருந்தது. சோப்பு நுரை காய்ந்த இடத்தில் ஐந்து வாரத்து நரைமுடி கற்றையாக ஒட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் ஒரு பக்கம் பார்த்தேன். திருப்பி மறுபக்கமும் பார்த்தேன்.

அவர் செருப்பைக் கழற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"பார்த்தியா?" என்றார்.

"எதை?"

"துண்டை."

"ஒரே முடியா இருக்கு," என்று சொல்லி, அதை உதறிவிட்டு மற்றவற்றோடு சேர்த்து ஊறவைத்தேன்.